குற்றாலச் சாரலில் சீன வீட்டுக் கீரை: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

கடையநல்லூரிலும் தென்காசியிலும் சிங்கப்பூர் உறவுள்ள குடும்பங்கள் ஏராளம். கடையநல்லூர்க்காரர்கள் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடும்பத்தோடு குடியேறி, 1946-ல் அங்கே உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கும் அளவுக்கு வேரூன்றியவர்கள். சீனர்களோடு அடுத்தடுத்து வாழ்ந்ததில் நாக்கும் பழகிவிட்டது. விடுமுறைக்கு ஊர் வருகிறவர்கள் இரண்டு கீரைகளைப் பற்றிக் கேட்பார்கள். ஒன்று, பூண்டு தட்டிப் போட்டு வதக்கிய கங்கோங். மற்றது, எலும்போடு கொதித்த வாட்டர்கிரஸ் சூப்.

கங்கோங் நம் வள்ளைக்கீரைதான். குளத்தோரத்திலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாகப் படரும். அறுத்து மாட்டுக்குப் போடுகிறவர்களே அதிகம். வாட்டர்கிரஸ் கடுகுக் குடும்பத்துச் செடி. குளிர்ந்து தெளிந்து ஓடும் தண்ணீர் அதற்கு வேண்டும். நீலகிரி ஓடைகளில் தானாகவே வளர்கிறது, மலேசியாவில் கேமரன் மலையில் பயிராகிறது, தென்காசி வெயிலைத் தாங்காது. ஹாங்காங்கின் மோங்காக் பகுதியில் இந்த இரண்டு கீரைகளின் பெயரிலும் இரண்டு தெருக்கள் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. இன்று அவை நெரிசலான கடைத்தெருக்கள். ஒரு காலத்தில் அங்கே இருந்தவை கீரை வயல்கள்.

சீனர்கள் இவற்றை வீட்டில் சமைக்கும் முறை நம் அடுப்புக்கு அப்படியே பொருந்தும். மசாலா இல்லை, செலவு இல்லை, வதக்கலுக்கு இரண்டு நிமிடம் போதும். ஆனால் நீரில் வளரும் கீரைக்குச் சட்டி காய்வதற்கு முன்பே கவனிக்க வேண்டிய காரியங்கள் உண்டு. சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பறிக்கும் இடம்

அருவிக்குக் கீழே ஓடும் வாய்க்காலில் பறிக்காதீர்கள்.

ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் எத்தனை பேர் குளிக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று நீதிமன்றத் தடை இருந்தும் நுரை மிதக்கத்தான் செய்கிறது. அந்தத் தண்ணீர்தான் வாய்க்காலாகப் பிரிந்து வயலுக்கும் குளத்துக்கும் போகிறது. வள்ளைக்கீரை, தான் நிற்கும் தண்ணீரில் என்ன இருந்தாலும் உறிஞ்சிக்கொள்ளும் செடி. சாக்கடை நீரில் வளர்ந்தால் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களைக்கூடத் தண்டிலும் இலையிலும் சேர்த்து வைக்கும். எவ்வளவு கழுவினாலும் அது போகாது. வாறுகால் வந்து விழும் இடத்தில் இலை கரும்பச்சையாகக் கொழுத்து நிற்கும். அந்தச் செழிப்பைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம்.

மருந்து தெளித்த வயலின் வரப்போரமும் அப்படியே. வயல்காரரிடம் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

கீரைக்காகவும் மூலிகைக்காகவும் ஓடையில் இறங்காதீர்கள்.

மேலே மழை பெய்தால் கீழே நிற்கிறவருக்குத் தெரியாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு மாணவனின் உயிரைக் கொண்டுபோனது. செண்பகாதேவி அருவிப் பக்கம் ஏறிப் பறிக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். அது காப்புக்காடு, அங்கே ஓர் இலையைக் கிள்ளுவதும் குற்றம்.

செடியை அடையாளம் தெரிந்து எடுங்கள்.

வள்ளைக்கீரையின் நெருங்கிய உறவான நெய்வேலிக் காட்டாமணக்கு நம் குளக்கரை எங்கும் புதராக மண்டிக் கிடக்கிறது. பூ இரண்டுக்கும் புனல் வடிவம்தான், நிறமும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் காட்டாமணக்கு நச்சுச்செடி. தின்ற ஆடுகள் நரம்பு பாதித்துத் தள்ளாடி விழும். வள்ளைக்கீரை தண்ணீர்மேல் படர்ந்து போகும், தண்டை ஒடித்தால் உள்ளே குழாய்போல் இருக்கும், கணுவுக்குக் கணு வேர் விட்டிருக்கும். காட்டாமணக்கு ஆள் உயரம் நிமிர்ந்து நிற்கும், அடித்தண்டு மரம்போல் முற்றியிருக்கும். சிறுபிள்ளைகளைக் கீரை பறிக்க அனுப்பும் வீடுகளில் இந்த வித்தியாசத்தைச் செடியைக் காட்டியே சொல்லிக் கொடுங்கள்.

முடிந்தால் வீட்டிலேயே வளருங்கள்.

இதுதான் என் முதல் யோசனை. முற்றாத தண்டு நான்கைந்தை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிக் குடிதண்ணீரில் நிறுத்தினால் சில நாட்களில் கணுவில் வேர் விடும். பழைய வாளியிலோ சிமெண்ட் தொட்டியிலோ மண்ணும் மக்கிய எருவும் போட்டு நட்டு, மண் எப்போதும் சேறாக இருக்கும்படி தண்ணீர் விடுங்கள். ஒரு மாதத்தில் முதல் அறுப்புக்கு வந்துவிடும். அடியில் இரண்டு கணுவை விட்டு அறுத்தால் திரும்பத் திரும்பத் தழைக்கும். தண்ணீர் உங்கள் கைக்குள் இருப்பதால், மேலே சொன்ன பயம் முக்கால்வாசி குறைகிறது. தொட்டியில் கொசு முட்டையிடும் அளவுக்குத் தண்ணீர் தேங்க விடாதீர்கள்.

பச்சையாக வேண்டாம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விதியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள்: நீரில் வளர்ந்த கீரையைப் பச்சையாகத் தின்னாதீர்கள்.

ஆட்டு ஈரலை வெட்டும்போது சில நேரம் இலைபோல் தட்டையாக ஒரு புழு வருமே, அந்த ஈரல்புழுவின் கதை தண்ணீரில் நடக்கிறது. ஆடு மாட்டின் சாணத்தோடு முட்டை தண்ணீருக்கு வரும். அதிலிருந்து வெளிவரும் குஞ்சு நத்தைக்குள் புகுந்து பெருகி, மறுபடி வெளியேறி நீர்ச்செடியின் இலையிலும் தண்டிலும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிறு உறையாக ஒட்டிக்கொள்ளும். அந்த இலையைத் தின்ற உயிரின் ஈரல் அதற்கு அடுத்த வீடு, அது மனிதராக இருந்தாலும் சரி. பிரான்சிலும் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியிலும் பச்சை வாட்டர்கிரஸ் தின்று இந்த நோய் கண்டவர்களைப் பற்றி மருத்துவ நூல்கள் நிறையப் பேசுகின்றன. மேய்ச்சல் மாடும் நத்தையும் நீர்ச்செடியும் நம் குளக்கரையிலும் ஒன்றாகத்தான் இருக்கின்றன.

உப்புத் தண்ணீர், மஞ்சள் தண்ணீர், வினிகர் ஆகியவற்றை நம்பி இதில் சமரசம் செய்யாதீர்கள். மண்ணும் பூச்சியும் இறங்கும். அந்த உறை முழுவதும் சாகும் என்று சொல்ல முடியாது. கொதிக்கும் சூடு ஒன்றுதான் உறுதி. சீனர்கள் வீட்டுச் சமையலில் வாட்டர்கிரஸைப் பெரும்பாலும் சூடுபடுத்தியே உண்கிறார்கள். ஆங்கிலேயர் அதை ரொட்டிக்கு நடுவில் பச்சையாக வைத்துச் சாப்பிட்டார்கள். நமக்கு ஏற்றது சீனர் வழி.

வல்லாரையை வயலோரத்தில் பிடுங்கி அப்படியே துவையல் அரைக்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன். அரைக்குமுன் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுங்கள்.

கழுவும்போது

தண்டும் இலையும் வேறாக ஆய்ந்த பிறகு, அகலமான பாத்திரத்தில் நீர் நிறைத்துக் கீரையை முக்கி அலசி, கீரையை மேலே எடுங்கள். தண்ணீரைக் கீரைமேல் சாய்த்து வடித்தால் அடியில் தங்கிய மணல் திரும்பவும் மேலே ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் தெளிவாக நிற்கும்வரை மாற்றுங்கள். வள்ளைக்கீரைத் தண்டு குழாயாக இருப்பதால் உள்ளே சிறு பூச்சியும் சேறும் இருக்கலாம். விரல் நீளத்துக்கு ஒடித்த பிறகு இன்னொரு முறை அலசுவது நல்லது.

கழுவிய கீரையை ஈரத்தோடு சட்டியில் போடாதீர்கள். சுளவில் பரப்பியோ துணியில் சுற்றி உதறியோ நீரை வடிய விடுங்கள். ஏன் என்பது அடுத்த பகுதியில்.

அடுப்பில்: பூண்டு வதக்கல்

சட்டி புகையும்வரை காயட்டும்.

இந்தக் கீரைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீர். சட்டி போதிய சூடில்லை என்றால் அந்த நீர் வெளியே வந்து கீரை அதிலேயே வேகும். நிறம் செத்து, தண்டு நாராகி, கூட்டுக்கும் பொரியலுக்கும் நடுவில் ஒன்றாக வந்து நிற்கும். சூடு இருந்தால் நீர் வெளிவரும்போதே ஆவியாகிவிடும். இரும்புச் சீனச்சட்டிதான் இதற்குச் சரியான பாத்திரம். நான்ஸ்டிக் சட்டியை வெறுமனே அவ்வளவு சூடாக்கக் கூடாது, அதன் பூச்சு கெடும். மொத்தக் கீரையையும் ஒரே தடவையில் கொட்டாதீர்கள். வீட்டு கேஸ் அடுப்புக்கு ஒரு ஈடுக்கு ஒரு கட்டு போதும். நான்கு பேருக்கு வேண்டுமென்றால் இரண்டு ஈடு போடுங்கள்.

கடலை எண்ணெய் ஊற்றுங்கள்.

தென்சீனக் கண்டோனீஸ் வீடுகளில் வதக்கலுக்குப் பரம்பரையாகப் புழங்கும் எண்ணெய் அதுதான். நம் ஊர்ச் செக்கில் ஆட்டியது இருக்கிறது, வேறெங்கும் தேட வேண்டாம். ஒரு கட்டுக்கு இரண்டு மேசைக்கரண்டி தாராளம். கீரை வதக்கலில் எண்ணெயைக் குறைத்தால் பளபளப்பும் மென்மையும் வராது.

சீனர்கள் சமையல் முடிவில் சொட்டு விடும் எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுப்பது. நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டுவது. ஒன்றுக்குப் பதில் மற்றது அந்த மணத்தைத் தராது. அந்த மணம் வேண்டுமென்றால் எள்ளை வெறும் சட்டியில் பொன்னிறமாக வறுத்து, அம்மியில் லேசாக நசுக்கி இறக்கும்போது தூவுங்கள்.

வரிசையை மாற்றாதீர்கள்.

எண்ணெய் காய்ந்ததும் ஆறேழு பல் பூண்டு, தோல் நீக்கித் தட்டியது. கருகக் கூடாது, ஓரம் நிறம் மாறினால் போதும். காரம் வேண்டுமென்றால் கீறிய வற்றல் இரண்டு. உடனே தண்டு மட்டும், ஒரு நிமிடம். பிறகு இலை. புரட்டிக்கொண்டே இருங்கள். இலை சுருங்கித் தண்டு நறுக்கென்று இருக்கும்போதே உப்புப் போட்டு, இரண்டு புரட்டுப் புரட்டி இறக்குங்கள். உப்பை முதலிலேயே போட்டால் கீரை நீர் விடும்.

சுருங்கிய இலையின் எல்லாப் பக்கமும் சூடு ஏறியிருக்க வேண்டும். பச்சையாகவே மடிந்து கிடக்கும் இலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. குளத்துக் கீரை என்றால் நான் இன்னும் கண்டிப்பு: வடித்த கீரையைக் கொதிநீரில் அரை நிமிடம் போட்டு எடுத்து, பிறகு வதக்குங்கள். ருசி கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

மூடி போடாதீர்கள். கீரையிலிருந்து ஆவியோடு எழும் லேசான அமிலம் மூடிக்குள் தங்கி, பச்சையைப் பழுப்பாக்கிவிடும்.

மஞ்சள்தூள், சோம்பு, தேங்காய்ப்பூ, கடுகு உளுந்து தாளிப்பு எதுவும் இந்தச் சட்டிக்குள் வேண்டாம். அவற்றுக்குத் தனி நாளும் தனிப் பொரியலும் இருக்கின்றன. சோயா சாஸும் வேண்டாம். சீசன் நேரத்து ஃபாஸ்ட் ஃபுட் கடைகள் சைனீஸ் என்று தருவதில் சோயாவும் சோளமாவும் இல்லாத பண்டம் கிடையாது, அதனால் அதுதான் சீனச் சமையல் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். சீன வீட்டில் அன்றாடம் சமைக்கும் கீரை பெரும்பாலும் எண்ணெய், பூண்டு, உப்பு, அவ்வளவுதான். கீரையின் சொந்த ருசிக்கு இடம் விடும் சமையல் அது.

அசைவம் உண்கிறவர்கள் மலாய் வாசனைக்கு ஒரு தேக்கரண்டி சென்னாக்குனியை வறுத்துப் பொடித்துப் பூண்டோடு சேர்க்கலாம். அதிலேயே உப்பு இருக்கும், பார்த்துப் போடுங்கள். பொன்னாங்கண்ணியும் இந்த வதக்கலுக்கு நன்றாக வரும். ஆரைக்கீரை வராது. அதன் இலை மென்மை, இந்தச் சூட்டில் கரைந்துவிடும். அதைப் பருப்போடு கடைவதே சரி.

நெருப்பில் வைத்துக் காக்கும் சாறு

வாட்டர்கிரஸ் கிடைத்தால் சூப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்காதபோது முள்ளங்கி இலையைப் போடுங்கள்.

இரண்டும் கடுகுக் குடும்பம். அந்த லேசான உறைப்பு இரண்டிலும் இருக்கிறது. வள்ளைக்கீரையில் இந்த உறைப்பு கிடையாது, நீண்ட கொதிக்கும் அது தாங்காது. முள்ளங்கி வாங்கும்போது இலையை முறித்துப் போடச் சொல்லாதீர்கள். இளம் இலையாக, மஞ்சள் விழாததாகப் பார்த்து வாங்குங்கள். மேலே இருக்கும் சொரசொரப்பு வெந்தால் போய்விடும்.

கண்டோனீஸ் வீட்டு வாட்டர்கிரஸ் சூப் பன்றி எலும்பில் வைப்பது. கேரட், சர்க்கரையில் ஊறிய ஒரு வகை இலந்தை, சர்க்கரை பாதாமி விதைப்பருப்பு ஆகியவை கூடச் சேரும். நம் வீட்டுக்கு நாட்டுக்கோழி எலும்பு அரைக் கிலோ, தண்ணீர் இரண்டு லிட்டர், தட்டிய இஞ்சி ஒரு துண்டு, கேரட் இரண்டு, இனிப்புக்குக் கொட்டை நீக்கிய பேரீச்சை நான்கு, கீரை இரண்டு கட்டு. சைவ வீட்டில் எலும்புக்குப் பதில் ஒரு கை பச்சை நிலக்கடலையும் காய்ந்த காளானும் போடுங்கள். நிலக்கடலை வெந்த சாற்றின் கனம் சொதி பழகிய நாக்குக்குப் பிடிக்கும்.

எலும்பை முதலில் தனித் தண்ணீரில் ஒரு கொதி விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இதைத் தவிர்த்தால் சாறு கலங்கும். பிறகு புதுத் தண்ணீரில் ஒரு மணி நேரம் சிறு தீயில். குக்கர் என்றால் நான்கு விசில்.

கீரையைப் பச்சைத் தண்ணீரிலோ வெதுவெதுப்பான சாற்றிலோ போடாதீர்கள். சாறு தளதளவென்று கொதிக்கும்போதுதான் போட வேண்டும். இல்லாவிட்டால் கசக்கும் என்பது சீன வீடுகளில் தாய் மகளுக்குச் சொல்லும் விதி. முள்ளங்கி இலைக்கு இருபது நிமிடம் போதும். வாட்டர்கிரஸை அவர்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேலே விடுவார்கள். கீரையின் உயிர்ச்சத்து சி அதில் பெரும்பாலும் போய்விடும் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். 2014-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று சத்துச் செறிவுக்காகக் காய்கனிகளை வரிசைப்படுத்தி வாட்டர்கிரஸுக்கு நூற்றுக்கு நூறு கொடுத்தது. அந்த எண்ணை மணிக்கணக்கில் கொதித்த சூப்புக்குப் பொருத்திப் பேசக் கூடாது. சூப்பின் நன்மை சாற்றிலும் சூட்டிலும் இருக்கிறது.

விரால் கிடைக்கும் நாளில் இந்தச் சூப்பை மீனில் வையுங்கள். வாட்டர்கிரஸோடு விரால் சேர்த்து வைப்பது கண்டோனீஸ் வீடுகளின் பெருமைக்குரிய சமையல், விரால் நம் குளத்து மீன். துண்டுகளை இஞ்சியோடு எண்ணெயில் இரண்டு பக்கமும் சிவக்க வறுத்து, அதன்மேல் கொதிக்கும் தண்ணீரை ஊற்றிப் பெருந்தீயில் கொதிக்க விடுங்கள். சாறு பால்போல் வெளுக்கும். தேங்காய்ப்பால் சேர்க்காமலே அந்த வெண்மை வருவது, வறுத்த மீனின் கொழுப்பு கொதிநீரில் நுண்துளியாகச் சிதறுவதால். ஆறிய தண்ணீரை ஊற்றினால் அது நடக்காது. புளி, மிளகாய்த்தூள் வேண்டாம், இறக்கும்போது நுணுக்கிய மிளகு போதும்.

சீனர்கள் இந்தக் கீரையைக் குளிர்ச்சி என்று வகைப்படுத்தி, வறண்ட காற்றடிக்கும் மாதங்களில் நெஞ்சுக்கு இதம் என்று குடிக்கிறார்கள். குளிர்ச்சியை ஈடுகட்ட இஞ்சி. குற்றாலநாதருக்கு மூலிகைக் கஷாயம் நிவேதனம் செய்யும் ஊரில் இந்தக் கணக்கை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. சாரல் நாட்களில் இஞ்சியையும் மிளகையும் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

நீலகிரியில் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையில் சீனர்கள் சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறி பயிரிட்டு வாழ்ந்ததை மானிடவியலாளர் எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியான தன் ஏழு தொகுதி நூலில் எழுதியிருக்கிறார். அவர் மூக்கையும் தலையையும் அளந்தார். எனக்கு அந்த வீட்டுச் சட்டியில் என்ன வெந்தது என்று அறியத்தான் ஆசை. பக்கத்து ஓடையில் வாட்டர்கிரஸ் இருந்திருந்தால், மிளகும் பூண்டும் எந்த அளவில் விழுந்திருக்கும்?

பரிமாறுமுன்

வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மாத்திரை எடுப்பவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். இந்தக் கீரைகளில் உயிர்ச்சத்து கே மிகுதி, அது மருந்தின் வேலையை மாற்றும். மருத்துவரிடம் கேட்டு, வாரம்தோறும் ஒரே அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வதக்கிய கீரையை எடுத்து வைத்து மறுநாள் சூடாக்காதீர்கள், ருசியும் இருக்காது, நிறமும் இருக்காது. சூப்பை வைக்கலாம். ஆனால் கீரையை அரித்தெடுத்துவிட்டுச் சாற்றை மட்டும் குளிர்ப்பெட்டியில் வையுங்கள்.

சாற்றைக் குடித்துவிட்டு வெந்த கீரையையும் எலும்பையும் கொட்டிவிட வேண்டாம். சீன வீடுகளில் அதைத் தனித் தட்டில் எடுத்து, சிறு கிண்ணத்தில் சோயா சாஸ் வைத்துத் தொட்டுச் சோற்றோடு சாப்பிடுகிறார்கள். சோயா சாஸ் இந்தச் சமையலில் வர வேண்டிய இடம் அதுதான். ஒரு பச்சை மிளகாயைப் பொடியாக நறுக்கி அந்தக் கிண்ணத்தில் போட்டால் நம் சோற்றுக்கு இன்னும் நன்றாகச் சேரும்.